பெட்ரோல் முள்

யந்திரங்களைப் பற்றி எனக்கு உள்ள ஞானம் மிகவும் சொற்பம். சாவியைத் திருப்பினால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட வேண்டும். இந்த அளவு ஞானத்தோடு நாற்பது வயது வரைக்கும் சௌகரியமாகவே காலம் தள்ளிவிட்டேன். 2023 மே மாதத்தில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, பெட்ரோல் டேங்க்கின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும்படி நேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுத உத்தேசம். எழுதுவதில் கொஞ்சம் கூச்சமும் இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் வீட்டில் இருப்பது பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய வண்டி. இந்த ரகத்துக்கு இப்போது எஸ்.யூ.வி. என்று கௌரவமான பெயர் வந்திருக்கிறது. அம்மாவுக்கு அது ஜீப்தான். 2008-ல் அப்பா வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு ஜீப்பும் அதை ஓட்டிய டிரைவரும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். டிரைவர் என்னை ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்தவர். அப்பாவிடம் அதற்கு முன்பு இருந்த காரையும் அவர்தான் ஓட்டினார். நான் அவரை “அண்ணே” என்பேன். அவர் என்னைத் “தம்பி” என்பார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. திருவானைக்கோவிலில் அவர் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை இருந்தது. ராத்திரி வண்டி அங்கே நிற்கும். காலையில் கொண்டுவந்து எங்கள் வாசலில் விடுவார். வருஷக்கணக்காக இதுதான் ஏற்பாடு.

2022 கடைசியில் ஒரு நாள் பெட்ரோல் முள்ளைக் கவனித்தேன். முதல் நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது பாதி டேங்க் என்று காட்டியது. மறுநாள் காலை வாசலில் நின்ற வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினால் கால் டேங்க் என்று காட்டுகிறது. டேங்க் 40 லிட்டர் பிடிக்கும். ஒரு ராத்திரியில் 10 லிட்டர் எங்கே போயிற்று? பெட்ரோல் அப்போது லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். எழுத்தாளனுக்குக் கணக்கு வராது என்பார்கள். இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்துவிட்டது.

“என்னண்ணே, முள்ளு இறங்கியிருக்கு?” என்று கேட்டேன்.

“அது நின்னா இறங்கும் தம்பி. ஓடினா ஏறிக்கும்” என்றார், வெகு சாதாரணமாக.

எந்த ஊரில் பெட்ரோல் ஓட ஓட ஏறும்? இந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் கேட்காமல் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ராத்திரி முள் எங்கே நின்றது, காலையில் எங்கே நிற்கிறது என்று தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது முள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் எனக்கு வருத்தத்தோடு கூட ஒரு திருப்தியும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். துப்பறியும் கதை எழுதுகிறவர்களைக் கேலி செய்து வந்தவன் நான்.

அம்மாவிடம் சொன்னேன். “அவனா? போடா!” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாள். அம்மா பழைய காலத்து மனுஷி, மனிதர்களைச் சுலபமாக நம்பிவிடுகிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு யுக்தி செய்தேன். டேங்க்கை நிரப்பினால்தானே எடுக்க முடியும்? அன்றன்றைய பிரயாணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போடுவது. 500 ரூபாய்க்குப் போட்டால் ஐந்து லிட்டர்கூட வராது. திருட என்ன மிஞ்சும்? பங்க்கில் ஒவ்வொரு தடவையும் “ஐந்நூறுக்கு” என்று நான் சொல்லும்போது டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். ஒரு நாள், “தம்பி, டேங்க்ல எப்பவும் கால்வாசிக்கு மேலே இருக்கணும். இல்லாட்டி உள்ளே இருக்கிற பம்ப் சூடாகிப் போயிடும்” என்றார். திருடுகிறவன் வேறு என்ன சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் யுக்தி அபார வெற்றி. அன்றிலிருந்து காலையில் முள் இறங்கவே இல்லை. விட்ட இடத்தில் நின்றது. இதைவிட வேறு சாட்சி எதற்கு? மார்ச் மாதம் பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்று வாங்கி மாட்டிச் சாவியை என் கொத்தில் கோத்துக்கொண்டேன். மறுநாள் பங்க்கில் அவர் இறங்கி மூடியைத் திறக்கப் போனார். பூட்டைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் இறங்கிப் போய்த் திறந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நடந்தே போய்விட்டார்.

“என்ன சொன்னான் தெரியுமா? ‘சார்கிட்ட குடுத்துடுங்கம்மா’ன்னு சொன்னான். சாராம்!” என்றாள் அம்மா. அன்று ராத்திரி அவள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நானே வண்டியை ஓட்டினேன். ஐந்நூறு ரூபாய்ப் பழக்கம் மட்டும் போகவில்லை; சிக்கனம் என்று அதற்குப் புதுப் பெயர் கொடுத்திருந்தேன். ஏப்ரலில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. காதோரம் கொசு பறக்கிற மாதிரி மெல்லிய சத்தம். ரேடியோவைப் போட்டால் கேட்காது. ஆகவே ரேடியோவைப் போட்டேன்.

மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் புறப்பட்டேன். துவாக்குடி தாண்டிச் செங்கிப்பட்டியை நெருங்கும்போது மணி பன்னிரண்டு இருக்கும். வண்டி இரண்டு தடவை திணறியது. மூன்றாவது தடவை நின்றே போயிற்று. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது; ஆனால் பிடிக்கவில்லை. நிழலுக்கு ஒரு வேப்பமரம் இருந்தது. அம்மா இறங்கி அதன் அடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். “அவன் இருந்தா” என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

லாரி ஒன்று நின்றது. லாரிக்காரர் என்னை நகரச் சொல்லிவிட்டு, சாவியை ஒரு திருப்புத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். “சத்தம் வரலே சார். பம்ப் போச்சு” என்றார். சாவியைப் போட்டதும் பின்னால் இரண்டு மூன்று வினாடி ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம் கேட்க வேண்டுமாம். பம்ப் பெட்ரோலை அழுத்தித் தயாராக வைக்கும் சத்தம் அது. பிறகு ஒரு காரியம் செய்தார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துவந்து, வண்டிக்கு அடியில் படுத்து, “இப்ப சாவியைப் போடுங்க!” என்று சொல்லி, டேங்க்கின் அடிவயிற்றில் ‘மொத்து மொத்து’ என்று நாலு மொத்து மொத்தினார். ரீங்காரம் கேட்டது! வண்டி கிளம்பியது. தேய்ந்த மோட்டார் ஓர் இடத்தில் சிக்கி நின்றிருந்தால் அந்த அதிர்ச்சியில் நகர்ந்து கொடுக்குமாம். “இது ரொம்ப நேரம் தாங்காது. எதுக்கும் திருச்சிக்கே திரும்பிடுங்க” என்று எச்சரித்துவிட்டுப் போனார். பேச்சு மாறாத வண்டி. திரும்பித் துவாக்குடிக்கு வந்ததும் மறுபடி நின்றது. அம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். ஒரு மினி லாரியின் பின்னால் கயிறு கட்டிக்கொண்டு, பாலக்கரையில் உள்ள பட்டறைக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன்.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். அறுபது வயசு இருக்கும். முதல் காரியமாகப் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். இரண்டாவதாக என் சட்டைப்பையிலிருந்த செல்போனை வாங்கித் தூரத்தில் ஒரு பெஞ்சில் வைத்தார். மூன்றாவதாக, அடுப்பு வைத்திருந்த பக்கத்து டீக்கடைக்காரரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

“பெட்ரோல்ல பயமில்லை சார். அதோட ஆவிதான் பயம். ரொம்பின டேங்க்கைவிட, காலி டேங்க்தான் பொல்லாதது” என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். “பாய், பம்ப் டேங்க்குக்குள்ளே பெட்ரோல்லயே முழுகிக் கிடக்குதுங்கறீங்க. அது கரண்டுல ஓடற மோட்டார். அப்ப ஏன் பத்திக்கலே?”

“பத்தறதுக்குக் காத்து வேணுமே! மூடின டேங்க்குக்குள்ளே பூரா பெட்ரோல் ஆவிதான். நெருப்புக்கு வேண்டிய அளவு காத்து அங்கே கிடையாது.”

தண்ணீருக்குள் கொண்டுபோய் அடுப்பை வைத்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் லட்சோப லட்சம் வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. என் சிறு வயதில் அப்பாவின் காரில் பம்ப் என்ஜின் பக்கத்திலேயே இருக்கும். என்ஜின் சுழற்சியிலேயே அதுவும் ஆடும். டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். வெயில் காலத்தில் அது சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுக்க அதற்குச் சக்தி கிடையாது. கார் நின்றுவிடும். எங்கள் டிரைவர் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் பற்றுப் போடுகிற மாதிரி பம்ப்பின் மேல் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பீடி பிடிப்பார். துணி காய்வதற்குள் கார் கிளம்பிவிடும். கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் என்ஜின்கள் வந்த பிறகு அந்தச் சொற்ப அழுத்தம் போதவில்லை. என் ஜீப்புக்குச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் வேண்டுமாம். டயரில் நாம் பிடிக்கிற காற்றே 30 சொச்சம்தான். அதனால் பம்ப்பை டேங்க்குக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளுகிறது. சூட்டைத் தணிப்பதற்கு ஈரத்துணி வேண்டாம். சுற்றிலும் இருக்கும் பெட்ரோலே தணித்துவிடுகிறது.

“சுத்திலும் இருந்தா” என்றார் பாய், டேங்க்கில் குழாய் விட்டுப் பெட்ரோலை வடித்துக்கொண்டே. மூன்று லிட்டர் வந்தது, டீத்தண்ணீர் நிறத்தில்.

பையன்கள் இருவர் ஜாக்கியின் மேல் ஒரு பலகையை வைத்து டேங்க்குக்கு அண்டை கொடுத்தார்கள். பெட்ரோல் ஊற்றும் வாயின் ரப்பர் ஹோஸைக் கழற்றினார்கள். காற்று போகும் சின்னக் குழாயையும் கழற்றினார்கள். போல்ட்டுகளைத் தளர்த்தி டேங்க்கை ஒரு சாண் இறக்கினார்கள். அந்தச் சந்தில் கையை விட்டு வயர்களைப் பிரித்தார்கள். என்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றும்போது பாய் தாமே வந்து, அதன் மேல் துணியைச் சுற்றி மெதுவாகத் திறந்தார். உள்ளே தங்கியிருக்கும் அழுத்தத்தில் பெட்ரோல் கண்ணில் அடிக்குமாம். பிறகு டேங்க்கைத் தரையில் இறக்கினார்கள். பம்ப் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பதினைந்து வருஷத்து மண். அதைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தார்கள். இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே விழும்.

வெளியே வந்த சாமான் பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஒரு டார்ச் லைட் பருமனில் மோட்டார். அதன் காலில் குழந்தைக்குப் போடுகிற சாக்ஸ் மாதிரி ஒரு வலை. கசடு ஏறிக் கறுத்திருந்தது. பக்கவாட்டில் ஒரு மெல்லிய கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை.

“எவ்வளவு நாளா அடிமட்டத்துலயே ஓட்டறீங்க?” என்று பாய் கேட்டார்.

“நாலு மாசம்.”

“தாகத்துல செத்திருக்கு சார். பெட்ரோல் இல்லாம சூடாகி, கீழே கிடந்த கசடையெல்லாம் வலிச்சு, பாவம்!”

கால்வாசிக்கு மேலே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவர் சொல்லியிருந்தார் அல்லவா? அதை பாயிடம் நான் சொல்லவில்லை. ஆனால் ஏன் குறைவாகப் போட்டேன் என்பதை, ‘டிரைவர் ஒருத்தன்’ என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். பாய் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கம்பியையும் மிதவையையும் என் எதிரில் வைத்து, ஒரு மீட்டரின் இரண்டு வயர்களைப் பொருத்தினார்.

பெட்ரோல் அளவு காட்டும் விஷயம் ரொம்பச் சின்னது. மிதவை பெட்ரோலோடு ஏறும், இறங்கும். கம்பியின் மறு நுனி ஒரு பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகரும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்சாரத்துக்குத் தடை கூடும், குறையும். எங்கள் வண்டியின் அமைப்பில் தடை கூடினால் முள் இறங்கும். குறைந்தால் முள் ஏறும். இதற்குள் பெட்ரோலை அளக்கிற வித்தை ஒன்றும் கிடையாது. கம்பி எங்கே உரசுகிறது என்பதுதான் முள்ளுக்குத் தெரியும்.

பாய் மிதவையை அடியிலிருந்து மெல்லத் தூக்கினார். மீட்டரில் எண்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டு வந்தன. பாதியை நெருங்கியதும் திடீரென்று எங்கேயோ எகிறின. கையை லேசாக ஆட்டினார், இறங்கின. நிறுத்தினார், மறுபடி எகிறின. பாதியைத் தாண்டியதும் சரியாகிவிட்டது.

“பார்த்தீங்களா? உங்க அப்பா காலத்திலேருந்து பாதி டேங்க்லயே ஓடியிருக்கு. அந்த இடத்துலதான் உரசி உரசிப் பட்டை தேஞ்சிருக்கு. வண்டி ஓடறப்ப பெட்ரோல் அலம்பும், மிதவை ஆடும், நடு நடுவிலே பட்டையைத் தொடும்; முள்ளு ஏறும். நின்னுட்டா மிதவை அசையாது. சரியா அந்தத் தேஞ்ச இடத்துல உக்காந்துச்சுன்னா முள்ளு கீழே வந்துடும்.”

நின்றால் இறங்கும், ஓடினால் ஏறும்.

“அப்ப, குறைச்சுப் போட ஆரம்பிச்சதும் முள்ளு சரியா நின்னுதே?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பெட்ரோல் பாதி வரைக்கும் ஏறவே இல்லை. கம்பி அந்தத் தேய்ந்த இடத்துக்குப் போகவே இல்லை. என் யுக்தியின் வெற்றி அவ்வளவுதான்.

பாய் இன்னொன்றும் சொன்னார். “ஒரு ராத்திரிக்கு பத்து லிட்டர், வாரத்துல ரெண்டு மூணு தடவைன்னா, மறுநாளே வண்டி ரோட்டுல நின்னிருக்குமே சார்? முள்ளை எழுதினீங்க, சரி. டேங்க்கை ரொப்பி, கிலோமீட்டரை எழுதி, மறுபடி ரொப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்குதுன்னு பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைத்தான் செய்தேன். பங்க் ரசீதுகளை அம்மா ஒரு பிஸ்கோத்து டின்னில் போட்டு வைத்திருந்தாள். அவற்றில் பாதிக்கு மேல் மை அழிந்து வெறும் காகிதமாக இருந்தன. படிக்க முடிந்தவற்றைக் கூட்டி, சர்வீஸ் புத்தகத்தில் இருந்த கிலோமீட்டர்களோடு வைத்துப் பார்த்தேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். அப்பா காலத்திலும் பத்துதான். நான் நோட்டுப் புத்தகம் போட்ட மாதங்களிலும் பத்துதான். ஒரு சொட்டு எங்கேயும் போகவில்லை.

வெறும் மோட்டாரை மட்டும் மாற்றினால் 1,800 ரூபாயில் முடியும். பம்ப், வலை, மிதவை எல்லாம் சேர்ந்த முழு சாமான் 9,400 என்றார் பாய். முழுசாகவே போடச் சொன்னேன். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து பார்சலில் வர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் டேங்க்கைக் கழுவிக் காய வைத்திருந்தார்கள். புது ரப்பர் வளையம் போட்டு, கம்பி வளையாமல் சாமானைச் சாய்வாக உள்ளே விட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். முதல் தடவை என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் மூன்று தடவை போட்டு எடுத்தார் பாய். பிறகு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கிளம்பும்போது, பழைய சாமானை ஒரு பழைய பேப்பரில் சுற்றி, நான் கேட்காமலே என் கையில் கொடுத்தார்.

டேங்க்கை நிரப்பிக்கொண்டு நேரே திருவானைக்கோவிலுக்குப் போனேன். டிரைவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. அதைத்தான் இப்போது ஓட்டுகிறாராம். திண்ணையில் உட்கார வைத்து, அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் என்னென்னவோ சொல்ல யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கதைகளில் இந்த மாதிரி இடத்தில் பாத்திரங்களுக்கு நான் நன்றாகவே வசனம் எழுதுவேன். அங்கே ஒன்றும் வரவில்லை. பேப்பரைப் பிரித்து அந்தச் சாமானை எடுத்து வைத்தேன்.

அவர் அதைக் கையில் எடுத்து மிதவையை மேலும் கீழும் ஆட்டினார். பட்டையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

“நடுவிலே தேஞ்சிருக்கு” என்றார்.

“ஆமாண்ணே. தப்பு எம்பேர்லதான்.”

“பம்ப்பும் போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

எழுந்து வந்து ஜீப்பின் கதவைத் திறந்தார். உட்காரவில்லை, வெளியே நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டார். முள் ஏறி நின்றது. “சத்தம் சுத்தமா இருக்கு சார்” என்றார். பூட்டு மூடியை நான் அன்று காலையிலேயே கழற்றிப் பழைய மூடியைப் போட்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

வேன் வேலையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். தூரப் பிரயாணமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஓட்டுகிறார். அம்மா கேட்டுக்கொண்டதற்காகத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். அன்றைய கூலியை எண்ணி வாங்கிக்கொள்கிறார். சேர்த்துக் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுகிறார். பங்க்கில் பெட்ரோல் போட்டதும், சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதி, ரசீதை அதில் செருகி, ஊருக்குத் திரும்பியதும் என்னிடம் நீட்டுகிறார். வேண்டாம் அண்ணே என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

“இருக்கட்டும் சார்” என்கிறார்.